அயனாவரத்துப் புலி மாண்ட்ரியலில்

கனடாவுக்குப் போகிறவர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் மாண்ட்ரியல் சைனாடவுனில் ஒரு பெண்மணியின் முன்னால் அரைமண்டி போட்டு நின்றுவிட்டு வந்தேன். நயாகரா இன்னும் அங்கேதான் கொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அம்பத்தூரில் பம்ப் செய்யும் எங்கள் கம்பெனி, புது மெஷின் ஒன்றைப் பழகிக்கொண்டு வா என்று இரண்டு வாரத்துக்கு என்னை அனுப்பியது. அது கம்பெனி வேலை. சொந்த வேலை ஒன்றும் மனசில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் தனபால் மாஸ்டரைச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் அயனாவரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். காலையில் மைதானத்தில் எங்களுக்குக் குங்ஃபூ சொல்லித்தருவார். இளவயதில் பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது ஒரு சீன குருவிடம் சீடராகச் சேர்ந்து கற்றதாகச் சொல்வார். மண்டியிட்டு இரண்டு கையாலும் தேநீர் நீட்டினாராம். குரு அதை வாங்கிக் குடித்துவிட்டு, இன்று முதல் நீ என் பிள்ளை என்றாராம். ஒவ்வொரு விஜயதசமிக்கும் இந்தக் கதையைச் சொல்வார். இருபது வருஷமாகக் கேட்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு அலுத்ததில்லை. அங்கே கற்ற தெற்குச் சீனப் பாணிதான் எங்களுடைய 'புலி-கொக்கு'. புலியைப் போல் அறையவும் கொக்கைப் போல் கொத்தவும் சொல்லித்தரும் நீளமான அடவு அது.

போன வருஷம் மாவட்டப் போட்டிக்கு எங்களைக் கூட்டிப் போனார். மேடையில் இருந்த நடுவர், பாதி அடவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இது எந்த ஸ்டைல்லயும் சேராது. சினிமா பார்த்துக் கத்துக்கிட்டதுக்கெல்லாம் இங்க இடம் கிடையாது, இறங்குங்க" என்று மைக்கிலேயே சொன்னார். பெற்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே பாதிப் பேர் பக்கத்துத் தெரு கராத்தே வகுப்புக்குப் போய்விட்டார்கள். மாஸ்டர் மைதானத்துக்கு வருவார், ஓரமாக உட்கார்ந்திருப்பார், எங்களுக்கு ஒன்றும் சொல்லித்தர மாட்டார். வகுப்பை மூடிவிடுவார் என்றே எனக்குப் பட்டது.

கனடா பயணம் உறுதியானதும் நேரே பட்டறைக்கு ஓடினேன். "மாஸ்டர், அங்க சைனாடவுன் இருக்காம். அசல் ஆளுங்ககிட்ட செஞ்சு காட்டிக் கேட்டுட்டு வரேன். அப்புறம் எவன் பேசுறான்னு பார்ப்போம்."

அவர் லேத்தை நிறுத்தாமலே சொன்னார்: "வேணாம்ப்பா. கேட்டு என்ன ஆகப் போகுது?"

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

பிப்ரவரி மாதம். விமான நிலையக் கதவு திறந்ததும் மூக்குக்குள் யாரோ ஊசி வைத்தது போல இருந்தது. என்னை அழைத்துப்போக வந்தவர் குகன் அண்ணா. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அவர் வீட்டின் நிலவறையில்தான் எனக்கு ஜாகை. யாழ்ப்பாணத்துக்காரர், டோர்வலில் அதே விமான நிலையத்தில் பெட்டி இறக்குகிறவர். வேலை முடிந்து அதே உடுப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்கட பெட்டியை நான்தான் இறக்கினன் தம்பி. என்ன, உள்ளுக்கை அம்மிக்கல்லே வைச்சிருக்கிறியள்?"

பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய் ஊறுகாய் என்று பட்டியல் சொன்னேன். "அப்ப எறியாமல் இறக்கினது நல்லதாப் போச்சு" என்றார்.

வீடு அஹுன்ட்சிக் பகுதியில், மெட்ரோவின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கம். அவருடைய மனைவி வதனி அக்கா இடியப்பமும் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் வைத்திருந்தார். சொதியில் எலுமிச்சை பிழிந்திருந்த வாசனை வாசல்வரை வந்தது. நம் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டே வளர்ந்த நான், இத்தனை வருஷத்தையும் வீணடித்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "இன்னும் ரெண்டு போடட்டோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே நாலு போட்டார். அவர்களுடைய மகள் "போன்ஜூர் மாமா" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் பூட்டின் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. மொறுமொறுவென்று பொரித்ததை எதற்குக் குழம்பில் நனைக்க வேண்டும் என்று முதலில் சிரிப்பு வந்தது. வடையைச் சாம்பாரில் போடுகிற ஊர்க்காரன் சிரிக்கலாமா? மூன்றாம் வாயிலிருந்து நானும் கியூபெக்காரன் ஆனேன்.

அன்று திரும்பும்போது மெட்ரோவின் சூட்டுக்குத் தூங்கிப்போனேன். கண் விழித்தால் கடைசி நிறுத்தம். சரி, வந்துவிட்டோம் என்று மேலே ஏறினால் ஊரே வேறாக இருந்தது. எதிர்த் திசை வண்டியில் ஏறியிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவரிடம் அஹுன்ட்சிக் என்றேன். அவர் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொல்லி, என் தோளைப் பிடித்து என்னைத் திருப்பி நிறுத்தினார். அந்த ரயில் பாதை ஊரைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்து போகிறது. அதனால் இரண்டு நுனியும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில்தான். தப்பான திசையில் போனாலும் வீட்டுக்கு அருகேயே கொண்டுவந்து விடுகிற ரயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

இரண்டு மூன்று நாள் கழித்து, நிலவறையில் புலி-கொக்கு செய்துகொண்டிருந்தேன். அரிசி மூட்டை எடுக்க வந்த குகன் அண்ணா படியிலேயே நின்றுவிட்டார்.

"உதை எங்க பழகினீங்கள்?"

மாஸ்டரின் கதையைச் சொன்னேன். போட்டியில் நடந்ததையும் சொன்னேன். அவர் மூட்டை மேலேயே உட்கார்ந்து கேட்டார். பிறகு அவர் கதையைச் சொன்னார். அகதியாக வந்த புதிதில் சைனாடவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவியிருக்கிறார். சமையல்கட்டில் நின்றே கான்டனீஸ் பேசப் பழகிவிட்டார். ரெஸ்டோரண்டுக்கு மேல்மாடியில் தெற்குப் பாணிப் பள்ளி ஒன்று. "அவை மேல குதிக்கேக்கை எங்கட சட்டியெல்லாம் குலுங்கும். ஒருநாள் சண்டை பிடிக்கத்தான் மேல போனன். இப்ப அங்க மேளம் அடிக்கிறன்."

அங்கே சொல்லித்தருபவர் லாவ் சீஃபூ. சீஃபூ என்றால் ஆசிரியர். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிற அம்மாள் என்றார். நான் வெள்ளைத்தாடி வைத்த ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

"சீனப் புதுவருசம் சனிக்கிழமை. சிங்கம் ஆடுறம், வந்து பாருங்கோ. ஞாயிறு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன். அவ பார்த்துச் சொல்லட்டும்."

"அவங்களுக்கு நாமதான் சொல்லணும், அண்ணா. குங்ஃபூவே காஞ்சிபுரத்திலிருந்து போனதுதானே? போதிதர்மர்!"

"ஓம் ஓம்" என்றார் குகன் அண்ணா, அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே. "அதையும் அவவுக்குச் சொல்லுங்கோ."

*

சனிக்கிழமை சைனாடவுன் தெரு முழுக்கப் பனி. அதன் மேல் சரவெடியின் சிவப்புத் தாள். நம் ஊர்த் தீபாவளிக் குப்பையை வெள்ளை வேட்டியில் கொட்டியது போல இருந்தது. சிங்கத்தின் தலைக்குள் ஒருவர், உடம்புக்குள் ஒருவர். கடை வாசலில் கட்டித் தொங்கவிட்ட கீரைக்கட்டைச் சிங்கம் எட்டிக் கவ்வி, மென்று, கூட்டத்தின் மேல் துப்பியது. துப்பியது யார் மேல் விழுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டமாம். என் கம்பளித் தொப்பியில் ஒரு இலை விழுந்தது. வெட்கமில்லாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

குகன் அண்ணா பெரிய தோல் மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார். சிங்கம் பதுங்கினால் விளிம்பில் மெல்லத் தட்டுகிறார். பாய்ந்தால் நடுவில் இடி இடிக்கிறார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற சீன மூதாட்டி ஒருத்தி, தன் பேத்தியிடம் அவரைக் காட்டி ஏதோ சொன்னாள். பிறகு குகன் அண்ணாவிடம் நடித்துக் காட்டி, என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். "'அந்தக் கறுத்த ஆள் அடிச்சால்தான் சிங்கத்துக்குப் பசிக்கும்' எண்டு வருசா வருசம் சொல்லுவா" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

*

ஞாயிறு. குறுகலான மாடிப்படி, கீழேயிருந்து வாத்து வறுக்கிற மணம். உள்ளே மரத்தரை, சுவரோரம் ஈட்டிகள், கோடியில் சிவந்த முகத்துச் சாமி ஒருவர், அவர் முன்னால் ஆரஞ்சுப் பழமும் ஊதுவத்தியும். எங்கள் தெரு முனீஸ்வரன் நினைவுக்கு வந்தார். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். குட்டை முடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மாள் திரும்பினார். இவர்தான் என்று தெரிந்ததும், இருபது வருஷம் பழகியபடி இடது முஷ்டியை வலது உள்ளங்கையால் மூடி, குனிந்து வணங்கினேன்.

வரிசையில் ஒருவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"தம்பி, கையை மாத்துங்கோ!" குகன் அண்ணா என் காதுக்குள் சொன்னார். "வலக்கை முஷ்டி, அதை இடக்கை மூடவேணும். இது செத்தவீட்டுக் கும்பிடு. புதுவருசமும் அதுவுமாய்!"

மாற்றினேன். முகம் எரிந்தது. புத்தாண்டில் ஒரு வீட்டுக்குள் புகுந்து துக்கம் விசாரித்திருக்கிறேன். அதைச் சமாளிக்க நினைத்து, காஞ்சிபுரத்தை எடுத்துவிட்டேன். அது அதைவிட மோசம். குகன் அண்ணா மொழிபெயர்த்து முடித்ததும் லாவ் சீஃபூ வாய்விட்டுச் சிரித்தார்.

"போன வருஷம் ஒரு வியட்நாம்காரர் வந்து இது எங்களுடையது என்றார். நீங்களும் சொல்லுங்கள், தப்பில்லை" என்றார். குகன் அண்ணா அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னார். "நாங்கள் மட்டும் என்ன? தெற்கே ஒரு கோயில் எரிந்தது, ஐந்து பேர் தப்பினார்கள், அவர்களிடமிருந்து வந்தது என்கிறோம். அந்தக் கோயிலைப் பார்த்தவர் யார்? ஃபூஜியன் மாகாணத்தில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள், கோயில் எங்கள் ஊரில்தான் இருந்தது என்று சண்டை போடுகின்றன. கதை யாருடையதாகவும் இருக்கட்டும். நீங்கள் செய்யுங்கள், பார்க்கிறேன்."

செய்தேன். என் மாஸ்டரின் மானம் என் முழங்காலில் இருக்கிறது என்ற நினைப்பில் செய்தேன். அவர் என்னைச் சுற்றி நடந்தார். முன்னால் நின்று என் விரல்களைப் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து என் கால்களைப் பார்த்தார். முடித்ததும், "இன்னொரு முறை" என்றார். இந்த முறை அவரே எனக்கு எதிரில் வந்து நின்றார்.

இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம். நான் இடது கையை நீட்டினால் அவர் வலது கையை நீட்டினார். நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் அதே சுவரை நோக்கி வந்தார். என் புலி நகமும் அவர் புலி நகமும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. ஒரு விரலை மட்டும் நிமிர்த்தித் தள்ளுகிற இடத்தில் இரண்டு விரல்களும் ஒரே உயரம். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது. அயனாவரம் மைதானத்தில் கற்றதும் இந்த அம்மாள் தன் தகப்பனிடம் கற்றதும் ஒன்றேதான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் கை இல்லை.

நடுவில் அவர் நின்றுவிட்டார். கொக்கு இரண்டு தடவை இறக்கை மடித்து, உட்கார்ந்து எழுகிற பகுதி அது. "மேலே செய்யுங்கள்" என்று சைகை காட்டினார். நான் தனியாக அதைச் செய்ய, அவர் மாணவர்களை அருகில் அழைத்துக் காட்டினார்.

"இந்தத் துண்டு எங்களிடம் இல்லை. நாங்கள் ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள், அங்கேயே இது விட்டுப்போயிற்று. பினாங்குக்காரர்கள் வைத்திருக்கிறார்கள் என்று என் அப்பா சொல்வார். நான் பினாங்கு போனபோது ஒரு முறை பார்த்தேன். இது எந்த சினிமாவிலும் கிடையாது. உங்களுடையது அசல்."

நான் தரையைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்த நடுவரின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அவ்வளவோடு கிளம்பியிருக்கலாம். நான்தான், "என் மாஸ்டர் அங்கே சீடராக இருந்தவர்" என்று தேநீர்க் கதையை ஆரம்பித்தேன். குகன் அண்ணா அதைச் சொல்லி முடித்தபோது அம்மாளின் முகம் மாறியது. குகன் அண்ணாவிடம் தாழ்ந்த குரலில் நிறையப் பேசினார். அண்ணா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, உங்கட மாஸ்டர் உள்ளுக்கை நிண்டு பழகேல்லையாம்."

எனக்குப் புரியவில்லை. அம்மாள் செய்து காட்டினார். உள்ளே கற்பவன் ஆசிரியருக்குப் பின்னால் நிற்பான். அவருக்கு வலது, அவனுக்கும் வலது. எதிரே நின்று பார்க்கிறவனுக்குத்தான் எல்லாம் மாறும். உள்ளே இருந்திருந்தால் முதல் நாளே, கும்பிடும்போதே, யாராவது கையைத் தட்டித் திருத்தியிருப்பார்கள். செத்தவீட்டுக் கும்பிட்டை எந்த ஆசிரியரும் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டார். பிறகு என் பின்னங்காலைத் தொட்டார். எங்கள் எல்லாருக்கும் பின்குதிகால் தரையை விட்டு எழும். இந்தப் பாணியில் அது எழவே கூடாதாம். "விரல், கண், முகம், முன்னால் தெரிவது எல்லாம் சுத்தம். பின்னால் தெரிவது ஒன்றுகூட இல்லை. பினாங்கில் முற்றத்தில்தான் பயிற்சி. தெருவைப் பார்த்து நிற்பார்கள். வாசலில் கம்பிக் கதவு. உங்கள் ஆசிரியர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபது விஜயதசமி! அந்தத் தேநீர்க் கதையைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன், என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் புளுகா? அந்த நடுவர் சொன்னதில் என்ன தப்பு என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அம்மாள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இந்த அடவை என் அப்பா எனக்குக் கைபிடித்துச் சொல்லித்தந்தார். எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று" என்றார். "கை பிடிக்க ஆள் இல்லாமல், தெருவில் நின்று, கம்பி இடுக்கு வழியாக ஒரு விரல்கூடப் பிசகாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எத்தனை நாள் நின்றிருப்பார் என்று யோசியுங்கள்."

யோசித்தேன். மூட்டை தூக்கிய தோளோடு, மழையிலும் வெயிலிலும், துரத்தினால் போய்விட்டுத் திரும்ப வந்து நிற்கிற ஒரு இளைஞனை நினைத்துப் பார்த்தேன். கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "உங்களுக்கு ஆசிரியர் இருக்கிறார். ஒருவனுக்கு இரண்டு பேர் கூடாது" என்று மறுத்துவிட்டார். சாமி முன்னாலிருந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "ஊருக்குப் போனதும் நீங்கள் எல்லாரும் மண்டியிட்டு அவருக்குக் கொடுங்கள். கும்பிடும் கையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். அது அவர் நின்ற இடம்."

*

அன்று சாயங்காலம் புட்டும் மீன்குழம்பும். எனக்கு இறங்கவில்லை.

"அசல் எண்டு மட்டும் சொல்லுங்கோ தம்பி. மிச்சத்தை விடுங்கோ. பாவம், அந்த மனுசன்" என்றார் குகன் அண்ணா.

வதனி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏன், அவருக்குத் தெரியாததையே தம்பி சொல்லப்போறார்? எல்லாம் தெரிஞ்ச தம்பிக்கு முன்னால அந்த மனுசன் எவ்வளவு நாள் நடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

முனையிலிருந்த தெப்பனரில், நம் ஊர்ப் பெட்டிக்கடை மாதிரியான கடை அது, தொலைபேசி அட்டை வாங்கிவந்து நிலவறையில் உட்கார்ந்து எண்களை அழுத்தினேன். சென்னையில் மறுநாள் விடிந்திருக்கும். மாஸ்டரே எடுத்தார். பின்னால் காக்கைச் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், காட்டிட்டேன். அசல்தான். ஹாங்காங்காரங்ககிட்டயே இல்லாத துண்டு ஒண்ணு நம்மகிட்ட இருக்காம். அந்தம்மா மாணவங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, மாஸ்டர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கும்பிடு மட்டும் கை மாத்தணுமாம் மாஸ்டர்" என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

மாஸ்டர் பேசினார். போட்டி நடந்த நாளிலிருந்து அந்தக் குரலில் இருந்த கனம் இப்போது இல்லை.

"நீ உள்ள போனியாப்பா?"

"போனேன் மாஸ்டர்."

"உள்ள எப்படி இருக்கும்?"

அட்டையில் பேச எவ்வளவு பாக்கி இருந்ததோ, எனக்குத் தெரியாது. செருப்பை எங்கே கழற்றிவிட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.